இரண்டாம் குழு

"கேள்வியைத் தவிர ஒரு வார்த்தை அதிகமாப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனா இல்லையா?"

"சொன்னீங்க டாக்டர்."

"பேசினீங்களா?"

"போன்ல ஒரு வார்த்தை கூடுதலாப் பேசல டாக்டர்."

மனநல மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே நின்றவர் ஆறு ஆண்டுகளாக ஆய்வு அலுவலகத்தில் தொலைபேசி பார்ப்பவர். பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எண்பது வயதுக்காரர்களுக்கும் அவர் போன் அக்காதான்.

முதியவர்களின் மனச்சோர்வை முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தவர் டாக்டர். இந்தக் கடைசி ஆய்வுக்கு எண்பது பேரைச் சேர்த்து இரண்டாகப் பிரித்திருந்தார். மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் குழுவினரின் வீட்டுக்கு மட்டும் வாரந்தோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர் போய் ஒரு மணி நேரம் பேசுவார். இரண்டாம் குழுவுக்கு அந்த யோகம் இல்லை. வியாழக்கிழமை ஒரு போன், பதினைந்து கேள்வி, வைத்துவிட வேண்டியது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே.

இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், இரு குழுவும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. நாற்பது நோயாளிகள் எதிர்பாராமல் குணமானதற்காக ஒரு மருத்துவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தது அநேகமாக அன்றுதான்.

"எல்லாப் பதிவையும் கேட்டாச்சு. நீங்க அதிகமாப் பேசல, அது உண்மை. ஆனா இதைக் கேளுங்க."

டாக்டர் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

'பசி குறைந்திருக்கிறதா?' ரயில் நிலைய அறிவிப்பைப் போல அக்காவின் குரல்.

'இல்லம்மா. சட்டுபுட்டுன்னு முடி. முப்பத்திரண்டு கூப்பிடற நேரம். நான் எடுக்கலன்னா, போய்ச் சேர்ந்துட்டேன்னு எட்டுகிட்டச் சொல்லிடுவா.'

டாக்டர் நிறுத்தினார்.

"முப்பத்திரண்டும் எட்டும் ஆய்வில நாம கொடுத்த வரிசை எண். இவங்க ஒருத்தரை ஒருத்தர் அறியவே கூடாது. போன் நம்பரோட இருக்கற பட்டியல் ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் பூட்டின டிராயர்ல. இன்னொண்ணு உங்க மேசையில."

அக்கா தரையைப் பார்த்தார்.

"முப்பது வருஷ உழைப்பும்மா. ஆரம்பத்துல இரண்டாம் குழுவுக்குப் போன நாற்பது கடிதத்துக்கும் நானே கையெழுத்துப் போட்டு, நானே உறைக்குள்ள வெச்சு ஒட்டினேன். அவ்வளவு கவனம். தப்புப் பண்ணினவங்க ஒத்துக்கறதுதான் ஆராய்ச்சியில முதல் ஒழுக்கம். சொல்லுங்க, நம்பரைக் கொடுத்தது நீங்கதானே?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே அவங்க பேசிக்கறதை நிறுத்தச் சொல்லுவீங்களா டாக்டர்?"

"ஆய்வுதான் முடிஞ்சு போச்சே. என்ன வேணா பேசிக்கட்டும்."

"அப்போ சரி. நான்தான்னு எழுதிக்குங்க."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அக்கா வெளியே போனார். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்.

டாக்டர் விதிமீறல் படிவத்தை எடுத்தார். 'காரணமானவர்' என்ற கட்டத்தில் 'தொலைபேசி ஊழியர்' என்று எழுதினார். அதற்குக் கீழே 'உறுதி செய்தவர்' என்றொரு கட்டம் காலியாக இருந்தது. எட்டாம் எண்ணை அழைத்தார்.

"எட்டு பேசறேன். யாரு, அக்காவா?"

"டாக்டர் பேசறேன் ஐயா."

"அட, டாக்டரம்மாவா. இந்த ரெண்டு வருஷத்துல உங்க குரலை இன்னிக்குத்தான் கேக்கறேன்."

டாக்டர் அதைக் கேட்காததுபோலப் பேச்சைத் தொடர்ந்தார்.

"நீங்க எல்லாரும் போன்ல பேசிக்கறீங்களாமே?"

"பின்னே? வியாழக்கிழமை அக்கா கேக்கறாங்க. அது போக தினமும் அந்தப் பதினைந்து கேள்வியை நாங்களே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கறோம். கேக்க ஒரு ஆள் இருந்தா, பதில் சொல்றதுக்காகவாவது எழுந்திருக்கத் தோணுது."

"நம்பரை எல்லாம் உங்களுக்குக் கொடுத்தது யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க. வாயைத் திறக்க மாட்டோம்னு அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்."

"அக்காவே ஒத்துக்கிட்டாங்க ஐயா. வேலையை விட்டும் போயாச்சு. இனி மறைக்க ஒண்ணுமில்ல."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை.

"அந்தப் பொண்ணு எதுக்கும்மா போகணும்?" பெரியவரின் குரலில் விளையாட்டுப் போயிருந்தது. "நீங்க அனுப்பின முதல் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தா, பின்பக்கம் நாற்பது நம்பரும் வரிசையா அச்சாகியிருந்துச்சு. முன்பக்கம் உங்க கையெழுத்து. டாக்டர் பேரு கெட்டுடும், நாங்க பேசிக்கறதும் நின்னுடும்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா வீடு வீடா வந்து எங்க நாற்பது வாயையும் கட்டிப் போட்டது அவதான்."

டாக்டர் படிவத்தில் எழுதியிருந்ததை அடித்தார். அதன்மேல் தன் பெயரை எழுதினார். அக்காவின் அடையாள அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"என்ன டாக்டரம்மா, சத்தத்தையே காணோம்?" பெரியவர் கொஞ்சம் காத்திருந்தார். "சரி, விடுங்க. முதல் கேள்வியிலேருந்து வருவோம். ராத்திரி தூக்கம் வருதா?"