கழற்றக் கூடாத மாலை

மனோகரியைத் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பெற்ற மகளின் கலியாணம். சூரிச்சில் மண்டபம் எடுத்ததும் அவள்தான். ஆனால் மணவறைப் பக்கம் மட்டும் வரக் கூடாதாம்.

புருஷன் போனபின் ஆஸ்பத்திரித் தரையைக் கழுவிக் கழுவி மிதுஷாவைப் படிக்க வைத்தவள் அவள். தாரை வார்க்க வந்து நிற்பதோ புருஷனின் தமையன் பாலச்சந்திரனும் பெண்சாதியும். பிள்ளையின் ஒரு பிறந்தநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர்கள்!

மாப்பிள்ளை கிமோ ஹவாய்த் தீவுக்காரன். அவனுடைய தாய் நோயலானி உள்ளே வந்ததும், நீட்டிய சந்தனக் கிண்ணத்தைத் தாண்டி யாரையோ தேடினாள். தூணுக்குப் பின்னால் கண்டுபிடித்தாள்.

லாங்ஸ்ட்ராசத் தெருத் தமிழ்க் கடையில் பூ வாங்கி, தன் கையாலேயே கோத்த மல்லிகை மாலை. அதை மனோகரியின் கழுத்தில் போட்டு, கன்னத்தில் முத்தமிட்டாள்.

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் தூண் பக்கம் திரும்பின. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கைம்பெண்ணின் கழுத்தில் பூமாலை. அதுவும் தாலி ஏறுவதற்கு முன்னே.

பாலச்சந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். “அந்த மனுசிக்கு எங்கடை வழக்கம் தெரியாது. உமக்கும் தெரியாதோ? கழட்டும் முதல்லை!”

வழக்கமாம் வழக்கம்! பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது இந்த வழக்கம் எங்கே போயிருந்தது? பூவைக் கண்டதும் மட்டும் ஓடி வருகிறது.

ஹவாயிலும் ஒரு வழக்கம் உண்டு. போட்டவர் கண்முன்னே மாலையைக் கழற்றினால், அவருடைய அன்பையே வேண்டாம் என்று சொன்னதாகும். மிதுஷா சொல்லியிருந்தாள்.

மனோகரி மாலையை நேராக்கிக்கொண்டாள்.

குளியலறைக் கண்ணாடி முன் நாள்கணக்காகச் சொல்லிப் பழகிய ஹவாய் மொழிச் சொற்கள். கட்டின புருஷனிடம் தமிழில்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை. இப்போது ஊர் பார்க்க, உரக்கச் சொன்னாள்.

“மஹாலோ நுயி லோவா. அலோஹா வாவு இயா ஓயெ.”

மிக்க நன்றி. உங்களை நேசிக்கிறேன்.

நோயலானிக்குக் கண் கலங்கிவிட்டது. மனோகரியின் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப் போனாள். யாரும் மறிக்கவில்லை. வெளிநாட்டுச் சம்பந்தியின் மனதை நோகடிக்கலாமா? பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று பெண்கள் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

மணவறையில் இருந்த மிதுஷா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

போன மாதம் நோயலானி வீடியோவில் அழைத்துக் கேட்டிருந்தாள்: உன் அம்மாவுக்கு மாலை போட ஆசை, உங்கள் வழக்கத்தில் அது பிழையாகுமா?

மிதுஷா அதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லு,” என்றாள் மனோகரி.

மல்லிகை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.