கைதட்டல் வாங்கிய களிமண்

மண்பாண்டக் கண்காட்சியில், செய்முறை காட்டும் சக்கரத்தின் மேல் ஒரு களிமண் உருண்டை இருந்தது. காலையிலிருந்து ஐந்து முறை ஜாடியாக எழுந்து, ஐந்து முறையும் கைதட்டல் வாங்கியிருந்தது.

பக்கத்து மேசையில் விலைச்சீட்டோடு நின்ற காபிக் கோப்பையிடம், “உனக்கு யாராச்சும் கை தட்டினாங்களா?” என்று கேட்டது.

“இல்லைங்க. தூக்கிப் பார்த்துட்டு வச்சிடறாங்க.”

“அப்புறம் சூளையில வெந்து என்னத்தக் கண்ட? எனக்கு அந்தச் சூடெல்லாம் ஒத்துக்காதுப்பா.”

ஆறாவது ஜாடி எல்லாவற்றையும்விட அழகாக எழுந்தது. “இதையே குடுத்துடுங்களேன்,” என்றாள் ஒரு பெண். களிமண் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“இது சும்மா காட்டறதுக்கு மேடம்,” என்று குயவர் அதை அமுக்கி உருண்டையாக்கினார். அவள் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

பைக்குள் போகும்போது கோப்பை பணிவாகச் சொன்னது: “வருத்தப்படாதீங்க, அடுத்த கூட்டம் வருது.”

களிமண் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது.