எல்வினின் பேட்ஜ்

நந்திதுர்க் தங்கச் சுரங்கம் ஓடிய நாளில், கேஜ் என்ற கூண்டில் இறங்கும் முன் தன் நம்பர் டோக்கனைப் போர்டில் மாட்ட வேண்டும். மேலே வந்ததும் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். மாட்டியபடி இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று தேடுவார்கள். அங்கே வேலை செய்த எட்மண்ட் தன் மகன் எல்வினுக்கு இதைச் சொல்லியிருந்தார்.

எல்வின் வெளியூர் அணு உலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தான். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். அவன் அப்பா சொன்ன டோக்கனைப் போல அதை வாசல் போர்டிலேயே மாட்டிவிட்டுப் போனான். பேட்ஜில் அளவு ஏறாத ஆளை நிறுத்தாமல் வேலை வாங்கலாம் என்பதால் மேஸ்திரியும் தடுக்கவில்லை.

எல்வின் ரத்தப் புற்றுநோயில் இறந்தான். பேட்ஜ் சுத்தமாக இருக்கிறது, வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி.

உடன் வேலை செய்த திலீப், ஸ்கெலட்டன் என்று சொல்லும் சுரங்கத் தொழிலாளர் வீட்டுக்கு வந்து, அந்த பேட்ஜை எல்வினின் அம்மா ஐடாவிடம் கொடுத்தான். மகன் படத்தின் பக்கத்து ஆணியில் அதை மாட்டினாள். திங்கட்கிழமை ஆணி காலியாக இருந்தது. திலீப் அணு உலையிலிருந்து போன் செய்தான்.

"ஆன்ட்டி, எல்வின் பேட்ஜ் இங்க போர்டுல தொங்குது."

மறுபடி கொண்டுவந்து கொடுத்தான். மறுபடி அது போய்விட்டது. மூன்றாம் முறையும் அது போர்டுக்கே போனபோது அவன் போன் செய்தான்.

"இன்னா பண்றது ஆன்ட்டி? எடுத்துனு வரவா?"

ஐடா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம்பா. நீ எடுத்துட்டா, உள்ள ஆள் இல்லன்னு பூட்டிக்கினு பூடுவாங்க. மேல வந்து அவனே எடுத்துக்கட்டும்."