டைகரின் கழுத்துப்பட்டை

மதியம் ஒரு மணி வெயிலில் சபாபதி கூடத்திலேயே சுருண்டு விழுந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. அவர் மனைவி பரிமளம் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், "நீங்கள் வரிசையில் இருநூற்றுப் பதினான்காவது ஆள்" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பக் கொஞ்சியது.

போன வாரம் நாய் டைகருக்கு லேசாகச் சூடு ஏறியதுமே, அதன் கழுத்துப்பட்டை தானாகத் தகவல் அனுப்பி, ஆறே நிமிடத்தில் ஐஸோடு நாய்களுக்கான ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. நினைத்ததும் பரிமளத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பட்டையை அவிழ்த்துப் புருஷன் கையில் இறுக்கிக் கட்டினாள்.

ஆறாவது நிமிடம் ஐஸ் பெட்டியோடு ஒரு பெண் ஓடி வந்தாள். "நாய் எங்கம்மா?"

பரிமளம் சபாபதியைக் காட்டினாள்.

"மனுஷங்களத் தொட்டா என் வேலை போயிடும்மா."

"அப்ப நாய்னே எழுதிக்கோ!"

அந்தப் பெண் சபாபதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் பைகளை அவர் அக்குளில் செருகிவிட்டுப் படிவத்தைத் திறந்தாள்.

"பேரு?"

"டைகர்."

"வயசு?"

"அறுபத்தேழு."

"எட்டுன்னு போடுறேன். கடிக்குமா?"

"நீங்கள் வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள்" என்றது போன்.

"அவரு கடிக்க மாட்டாரு" என்றாள் பரிமளம். "நான் கடிப்பேன்."