ஆறாம் நம்பரில் சத்தமில்லை

“பாத்தியா, அந்தப் பொம்பளை வேலையைக் காட்டிட்டா!”

மேனேஜர் திரையைச் சுட்டிக்காட்டினார். மற்ற கோடுகள் எல்லாம் லேசாகத் துடித்துக்கொண்டிருக்க, ஆறாம் நம்பர் கருவியின் கோடு மட்டும் அசையாமல் படுத்துக் கிடந்தது.

அவர் பக்கத்தில் நின்றவளுக்கு சைட்டில் எல்லாரும் வைத்த பெயர் ‘காது’. வேலை அப்படி. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் இருக்கும் ஷேல் பாறைக்குள் தண்ணீரை அழுத்தி அனுப்பி, விரிசல் விட வைத்து, எரிவாயு எடுக்கிறார்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு குட்டி அதிர்வு கிளம்பும். நம் காலுக்கெல்லாம் தெரியாது. சுற்றிலும் புதைத்திருக்கும் கருவிகளில் அதைக் கேட்டு, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வது இவள் பொறுப்பு.

“அந்தத் தையல்காரம்மா வீட்டுப் பின்னாடி புதைச்ச ஆறாம் நம்பர்ல போன வாரம் ஒரே இரைச்சல் சார். தையல் மெஷின், தண்ணி மோட்டார், எல்லாச் சத்தமும் அதுல விழுந்துச்சு.”

“இப்ப மயான அமைதி! பிடுங்கி, அதிர்வு படாம மெத்தை மேல போட்டிருப்பா. ஊர்க்கூட்டத்துல மைக்கைப் பிடுங்கி, ‘எங்க கிணத்துத் தண்ணி கெட்டா நீயா குடிப்பே’ன்னு என்னைக் கிழி கிழின்னு கிழிச்சவதானே?”

“கிணறுங்க இருக்கற பக்கம் கேக்கறதுக்கு அது ஒண்ணுதான் சார் இருக்கு. அது இல்லாம ஆரம்பிச்சா, விரிசல் அந்தப் பக்கம் போனாலும் நமக்குத் தெரியாது.”

“மத்தியானம் பம்ப் ஓடியாகணும். போய்ப் பாரு. சரியில்லேன்னா ஆறை விட்டுட்டு ஆரம்பிச்சிடுவேன். அவ மேல போலீஸ்ல புகாரும் குடுப்பேன்.”

ஜீப் அந்த வீட்டு வாசலை நெருங்குவதற்குள் தையல்காரம்மா வெறுங்காலோடு ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள்.

“வண்டி உள்ள வரக்கூடாது!” கத்தவில்லை, கிசுகிசுத்தாள்.

குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறாள், வேறென்ன? காது கீழே குதித்து விடுவிடுவென்று பின்பக்கம் போனாள். டிரைவர் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை.

கருவி புதைத்த இடத்தில் புதைத்தபடியே இருந்தது. இவள் தட்டி மூடிய மண் துளியும் கலையவில்லை.

குழப்பத்தோடு திரும்பினாள். பின்வாசல் வழியாக உள்ளே தெரிந்தது. தையல் மெஷினைப் போர்வையால் மூடியிருந்தது. பக்கத்தில் மலையாய்க் குவிந்த துணி. தையல்காரம்மாவின் வீட்டுக்காரர், ஆள் நல்ல ஆஜானுபாகு, செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கிணற்றிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரோடு திருடன் மாதிரி அடிமேல் அடிவைத்து வந்துகொண்டிருந்தார்.

“என்னக்கா இதெல்லாம்?”

“நீதானம்மா புதைக்கும்போது சொன்னே, மேல சத்தம் இருந்தா கீழ நடக்கறது இதுக்குக் கேக்காதுன்னு! உங்க லாரிங்க வந்து இறங்குனதும், சரி, ஆரம்பிக்கப் போறாங்கன்னு மோட்டாரை நிறுத்திட்டேன். மெஷினையும் தொடல. கையாலதான் தைக்கிறேன், விரலெல்லாம் புண்ணு. இந்த மனுஷன் தும்மறதுக்குக்கூட தெருக்கோடிக்குப் போறாரு.”

“உங்களுக்குத்தான் எங்களைக் கண்டாலே ஆகாதே?”

“இப்பவும் ஆகாது. உங்க வேலை எனக்குத் துளியும் பிடிக்கல. ஆனா விரிசல் எங்க கிணத்துப் பக்கம் வந்தா முதல்ல தெரியப்போறது உனக்குத்தானே? உனக்கு நல்லாக் கேக்கட்டும்னுதான். கேட்டா நிறுத்திடுவே இல்ல?”

காதுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. புண்ணான அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்டிப்பா நிறுத்துவேன்க்கா. நான் நிறுத்துன்னு சொன்னா மேனேஜரே ஆனாலும் நிறுத்தித்தான் ஆகணும். அதுதான் ரூல்.”

தையல்காரம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். சத்தம் வராமல்தான்.

போன் அதிர்ந்தது. மேனேஜர்.

“என்ன, மாட்டினாளா? இங்க கோடு தாறுமாறாக் குதிக்குது! என்ன பண்றா அவ, கடப்பாரையைத் தூக்கிட்டாளா?”

காது வாசல் பக்கம் பார்த்தாள்.

“அவங்க மூச்சுக்கூட விடல சார். அது நம்ம ஜீப்பு.”