தவளைமீன் மஞ்சளான நாள்

வரவேற்பறையில் நான், மனைவி, விருந்தாளியாக வந்து மாதக்கணக்காகச் சோபாவை விட்டு எழாத அவள் தம்பி, கடல்நீர்த் தொட்டியில் ஒரு தவளைமீன்.

தவளைமீன் பக்கத்துப் பாறையின் நிறத்துக்கு மாறும். எங்கள் தொட்டியில் வெள்ளைப் பாறைகள்தான். ஆனால் முதலில் அது பச்சையானது. பச்சைச் சட்டையில் சிகரெட் வாங்கப் போன மாடிவீட்டுக்காரர் திரும்பவில்லை. பிறகு ஊதாவானது. ஊதாச் சட்டையில் டீ குடிக்கப் போன எதிர்வீட்டு மெக்கானிக்கும் திரும்பவில்லை.

இன்று மஞ்சள். வீட்டில் யாரிடமும் மஞ்சள் துணி கிடையாது. மனைவி கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கி வந்தாள்.

“எனக்கா, அக்கா? என்ன திடீர்னு பாசம் பொங்குது?”

“போட்டுக்கிட்டுப் போய் பால் வாங்கிட்டு வாடா.”

“மாமா, எப்படி இருக்கேன்?”

“ஜம்முனு இருக்கே,” என்றேன்.

விசிலடித்தபடி படியிறங்கினான். மனைவி கதவைச் சாத்திப் பூட்டினாள்.