மானுக்கு முந்நூறு

குசினி யன்னலால் வரும் காலை வெயில் செலவுக் கொப்பியில் விழுகிறது. பிரசாந்தி பேனை முனையால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு வருகிறாள். இந்த மாதம் காஸ் சிலிண்டருக்குக் காசு காணாது. “இஞ்சருங்கோ, கிழமைக்குக் கிழமை ‘சில்லறை முந்நூறு’ எண்டு எழுதியிருக்கிறியள். என்ன அது?” துறைமுகத்தில் கப்பலொன்று சங்கு ஊதுகிறது. அந்தச் சாட்டில் அவள் புருஷன் பிரகலாதன் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளே பார்க்கிறான். பதில் படலையடியில் நிற்கிறது. கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள்ளே உலவ வரும் புள்ளிமான்களில் ஒன்று படலைக்கு மேலால் தலையை நீட்டி, கதலிப்பழம் உப்பியிருக்கும் அவன் சட்டைப் பையையே பார்க்கிறது. “பாவமப்பா, பழகிட்டுது,” என்கிறான். பிரசாந்தி சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு, ‘சில்லறை’யை வெட்டி ‘மான்’ என்று எழுதுகிறாள். பிறகு கீழ்வரியில் இருக்கும் ‘சிகரெட் இரண்டாயிரம்’ மேல் நீளமாகக் கோடு இழுக்கிறாள். “ரெண்டுக்கும் காசு காணாது. மானைப் பட்டினி போட ஏலாது.”